ஜனவரியில் ஸ்டீல்ஹெட் கொத்தவே மாட்டேன் என்கிறது, ராட் வளையமும் உறைகிறது: உதவி தேவை

சிரக்யூஸ்வாசி:
வணக்கம். நியூயார்க் மாநிலம் புலாஸ்கி பக்கம் சால்மன் ஆற்றில் ஃப்ளை (இறகு, நூல் சுற்றிய போலி இரை) போடுகிறேன். அக்டோபரில் ஸ்டீல்ஹெட் (ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் ரெயின்போ டிரவுட் மீன்) நன்றாகக் கொத்தியது. இப்போது ஆறே காலியானது போல இருக்கிறது. போன சனிக்கிழமை விடிந்ததும் இறங்கி மதியத்துக்கு முன்பே ஏறிவிட்டேன். ஒரு குட்டி பிரவுன் டிரவுட்தான் கிடைத்தது.

10 அடி ராட் (தூண்டில் கோல்), 7 வெயிட் லைனுக்கு ஏற்றது. மிதக்கும் லைன். தக்கைக்குக் கீழே 4 அடியில் மீன் முட்டை மாதிரி கட்டிய ஃப்ளை, நடுவில் ஒரு சின்ன ஈயம். தண்ணீர் 34 டிகிரி ஃபாரன்ஹீட். இன்னொரு தொல்லை, நாலு வீச்சு வீசுவதற்குள் ராட்டில் லைன் ஓடும் வளையமெல்லாம் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. நகத்தால் பெயர்த்துப் பெயர்த்து விரல் மரத்துப்போகிறது. மீன் இல்லையா, போடும் விதம் சரியில்லையா?

ஒண்டாரியோ அண்ணன்:
தம்பி, முதலில் நகத்தால் பெயர்ப்பதை விடுங்கோ. வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் பூண் கழன்று வந்தால் ராட் போச்சு. ராட் நுனியை ஆற்றுக்குள் சில விநாடி பிடியுங்கோ. காற்றைவிட தண்ணீர் சூடு; கட்டி தானே இளகும். கிளம்பும் முன் வளையங்களில் லிப் பாம் தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும், முழுதாக நிற்காது. உண்மையான மருந்து, லைனை இழுத்து இழுத்து விடாமல் இருப்பது. ஈர லைன் வளையத்துக்குள் வரும்போதுதான் தண்ணீர் வழிந்து உறைகிறது. ஒரே நீளத்தை வெளியில் விட்டு, ரோல் காஸ்ட் (லைனைப் பின்னால் வீசாமல் தண்ணீரிலிருந்தே முன்னால் உருட்டி விடுவது) மட்டும் போடுங்கோ. ரீலை மட்டும் நனைக்க வேண்டாம், டிராக் (மீன் இழுக்கும்போது லைனைத் தடுக்கும் பிரேக்) உறைந்து இறுகிவிடும்.

மடுதேடி:
எந்த மாதிரி இடத்தில் நிற்கிறீர்கள்? ஆழம் எவ்வளவு?

சிரக்யூஸ்வாசி:
அக்டோபரில் கிடைத்த அதே இடம்தான். தண்ணீர் சலசலவென்று ஓடும் மேடான திட்டு, அதை ஒட்டி ஆறடி ஆழத்தில் ஒரு மடு. பெரும்பாலும் திட்டில்தான் போட்டேன்.

மடுதேடி:
அப்படியானால் மீன் இருக்கிறது, உங்கள் ஃப்ளை அதன் தலைக்கு மேலே பறக்கிறது. குளிர்ந்த ரத்தப் பிராணி. தண்ணீர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டத்தை எதிர்த்து நிற்க அதற்குத் தெம்பு கிடையாது. மெதுவாக ஓடும் ஆழமான மடுவுக்கும், மடு முடிந்து மேடேறும் வாலுக்கும் போய் அடியோடு ஒட்டிக்கொள்ளும். இரைக்காக ஓரிரு அடிக்கு மேல் நகராது.

தக்கையிலிருந்து ஃப்ளை வரை ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு விடுங்கள். ஆறடிக்கு ஒன்பது. பிறகு தக்கைக்குப் பக்கத்தில் மிதந்து வரும் நுரைக் குமிழியைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ஃப்ளை இன்னும் அடிக்குப் போகவில்லை. அடியில் கல் உரசுவதால் அங்கே ஓட்டம் மெதுவு. ஃப்ளை அங்கே இறங்கியதும் தக்கை குமிழிக்குப் பின்தங்க ஆரம்பிக்கும். அதுவரை ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். இதே ஆற்றில் ஆல்ட்மார் ஊர்ப் பக்கம் ஃப்ளைக்கென்று ஒதுக்கிய பகுதியில் ஈயத்துக்குத் தனி விதி உண்டு, மாநில மீன்பிடி விதிக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கொத்துவதும் அக்டோபர் மாதிரி இருக்காது. தக்கை முங்காது, சும்மா ஒரு நொடி தயங்கும். கல்லில் தட்டியதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். தயங்கினால் உடனே ராட்டை ஓட்டம் போகும் பக்கமாகச் சாய்த்து இழுங்கள்.

அப்புறம், விடியலில் போய் நடுங்குவது எதற்கு? பத்தரை, பதினொன்றுக்குப் போங்கள். பகலில் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலே மீன் வாயைத் திறக்கும்.

ஸ்பே பைத்தியம்:
எல்லாரும் தக்கை, தக்கை என்கிறீர்கள். நுனி மூழ்கும் லைனில் பெரிய கறுப்பு ஃப்ளையைக் கட்டி, குறுக்கே வீசி, மெதுவாக அரைவட்டம் அடிக்க விட்டாலும் ஜனவரியில் கொத்தும். குறைவாகத்தான் கொத்தும், ஆனால் அந்த ஓர் இழுப்புக்கு ஈடு கிடையாது.

மடுதேடி:
சரிதான், ஆனால் அவர் முதலில் ஒரு மீனைப் பார்க்கட்டும் ஐயா.

சிரக்யூஸ்வாசி:
நேற்று போய்வந்தேன். அதே மடுவின் வால் பகுதி, ஒன்பதடி, மூன்று ஈயம். மதியம் தக்கை நின்றாற்போல் இருந்தது, இழுத்தேன். வெள்ளிக் கட்டி மாதிரி ஒரு பெட்டை! முட்டை ஃப்ளையை விட்டுவிட்டுக் கூடவே கட்டியிருந்த 10ஆம் நம்பர் கறுப்பு ஸ்டோன்ஃபிளை நிம்ஃபைத்தான் (நீரடிப் பூச்சிக் குஞ்சு மாதிரி கட்டிய ஃப்ளை) எடுத்தது. லிப் பாமும் வேலை செய்தது. ஒரே கவலை, படம் எடுக்கத் தூக்கியபோது செவுள் ஓரத்தில் பனித்துகள் பூத்தது போல இருந்தது. விட்டதும் நீந்திப் போய்விட்டது. பிழைக்குமா?

ஒண்டாரியோ அண்ணன்:
சில விநாடி என்றால் பிழைக்கும். ஆனால் காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் மீனை வெளியே எடுக்கவே வேண்டாம். செவுள் இழை தாள் மாதிரி மெல்லிசு, ஈரத்தோடு காற்றுப் பட்டதும் உறையும். ரப்பர் வலையை ஆற்றுக்குள்ளேயே பிடித்து, மீன் தண்ணீருக்குள் கிடக்கும்போதே முள்ளைக் கழற்றுங்கோ. படமும் அப்படியே எடுக்கலாம். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை முன்கூட்டியே இடுக்கியால் நசுக்கி வைத்தால் மரத்த விரலுக்கும் வேலை சுலபம்.

காலில் என்ன போடுகிறீர்கள்? கம்பளி அடிப்பாகம் உள்ள பூட்ஸ் என்றால் கரையில் நடக்கும்போது பனி உருண்டு ஒட்டி, கட்டையில் நிற்பது போல் ஆகிவிடும். ஆணி வைத்த ரப்பர் அடிக்கு மாறுங்கோ. வேடர் (ஆற்றில் இறங்கப் போடும் தண்ணீர் புகாத உடை) மேல் பெல்ட் கட்டாமல் இறங்கவே கூடாது.