‘சும்மாதானே இருக்கீங்க’: ஓய்வு பெற்ற பிறகு வீடும் கோவிலுமாக ஒரு வாரம் – அனுபவப் பகிர்வு

பெரம்பூர் லோகோ:

மாலை, சால்வை, பிரிவு உபசாரம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். திங்கள்கிழமை பேரனை வேனில் ஏற்றிவிட்டேன். செவ்வாய் மிக்ஸி ரிப்பேர். புதன்கிழமை காலையில் எங்கள் கிறிஸ்தவ சபையின் செக்ரெட்டரி வீட்டுக்கே வந்துவிட்டார். “அண்ணே, சும்மாதானே இருக்கீங்க, அயனாவரம் ஏரியா சந்தா நோட்டை நீங்க வாங்கிக்குங்க” என்றார். அதுவரை வீடு வீடாகப் போய்ச் சபையாரிடம் மாதச் சந்தா வாங்கிவந்தவர் மகனோடு பெங்களூர் போய்விட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி காபியைக் கொடுத்து, “அதுக்கென்ன, செய்வார்” என்று சொல்லிவிட்டாள்.

நோட்டோடு போன வீடு ஒன்று. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த பாட்டிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். சந்தா என்றதும் உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். அதற்குள் காலண்டர் தாளில் சுருட்டிய ரூபாய் நோட்டுகள். ஒவ்வொரு சுருளிலும் மாதத்தின் பெயர். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு சுருள். எதற்கு இரண்டு என்று கேட்டேன். “ஒண்ணு அவரோடது” என்றார். அவருடைய கணவர் போன கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தவறிவிட்டார். “அவர் பேரை நோட்டுல அடிச்சிடாதீங்க தம்பி. கீழ்ப்பாக்கம் கல்லறையில அவர் பக்கத்துல எனக்கு இடம் வேணும். சந்தா நின்னா அடக்கத்துக்கு லெட்டர் தர மாட்டாங்களாமே?” யார் சொன்னார்கள் என்று கேட்டேன், சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எழுந்தபோது “ஜெபம் பண்ணிட்டுப் போங்க” என்றார். நான் லேத்தில் நின்றவன். நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபம் செய்ததே இல்லை. அவர் முக்காடு போட்டுக் கண்ணை மூடிவிட்டார். பரமண்டல ஜெபத்தைச் சொல்லி ஆமென் என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அது எல்லாருக்கும் சொல்கிற ஜெபம்தானே, தனக்கென்று ஒன்று வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம்தான், இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால் நினைவுக்கு வருகிறது. ஏதோ சொன்னேன். அதில் ‘இடம்’ என்று ஒரு வார்த்தை இருந்தது, அதற்கு மட்டும் அவர் தலையை ஆட்டினார்.

ரசீதில் இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்தேன். செக்ரெட்டரி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கன் 1958:

லோகோ அண்ணன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இறந்தவர் பெயரில் ரசீது கிழிப்பது சரியில்லை, ஆடிட்டில் நிற்காது. சந்தா ஓட்டு லிஸ்ட்டுக்கானது. பாக்கி வைத்தால் சபைத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, போட்டியிட முடியாது. அடக்கத்துக்கு ஆயர், அதாவது சபைப் போதகர், தருகிற கடிதம் வேறு சமாச்சாரம். கீழ்ப்பாக்கமும் காசிமேடும் கல்லறை வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன, எந்த ஒரு சபைக்கும் சொந்தமில்லை. அங்கே இட நெருக்கடி எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். குடும்பக் கல்லறையாக இருந்தால் அதன் காகிதம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். பாட்டியிடம் அதைக் கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். ஒரு ஜெராக்ஸ் ஆயரிடம் இருக்கட்டும்.

பேச்சு வந்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரயில்வே, அதனால் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பாங்கில் போய்க் காத்துக் கிடக்க வேண்டாம், ஜீவன் பிரமாண் செயலியில் போனில் முகத்தைக் காட்டினாலே போதும். பேரனை வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஆனால் ஓடிபியை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். பிஎஃப் பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் என்ற கட்டாயம் இல்லை, எந்த மாதம் கொடுத்தாலும் ஒரு வருடத்துக்குச் செல்லும். வருமானம் வரி வரம்புக்குள் வராதவர்கள், நாம் 15எச் என்று சொல்லி வந்த, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்கிற படிவத்தை ஏப்ரலிலேயே பாங்கில் கொடுத்துவிடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 முதல் 30 லட்சம் வரை போடலாம், ஆனால் கிராஜுவிட்டி முழுவதையும் ஒரே இடத்தில் முடக்காதீர்கள், மகளுக்குக் கல்யாணம் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். நாமினி பெயரை இன்றைக்கே சரிபாருங்கள். பென்ஷன் கணக்கில் மனைவியையும் சேர்த்திருக்கிறீர்களா? பாதிப் பேர் சேர்த்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், நான் பாங்கில் அந்தக் கவுன்டரில் உட்கார்ந்தவன்.

என் அனுபவம் சின்னது. ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வருஷக்கணக்கில் என்னைப் பெயர் சொல்லி மட்டுமே கூப்பிட்ட மேனேஜர் பாமாலைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, “சார், இந்த ஃபார்ம்ல எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார். எங்கே என்று காட்டினேன். அவ்வளவுதான்.

ராயபுரம் டீச்சர்:

கணக்கன் சார், 15எச் பற்றித் தனியாக எழுதுங்கள், பிரயோஜனப்படும். இங்கே வேண்டாமே.

நான் 60 வயதில் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. 60 ஆனால் மாநகரப் பேருந்தில் மாதத்துக்குப் பத்து இலவச டோக்கன் உண்டே, அதில் செவ்வாய்க்கிழமைக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுவேன். பாரிமுனை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோவில். செவ்வாய்க் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பூ வைத்துக் குங்குமம் இட்ட பெண்கள்தான் வரிசையில் பாதி.

வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் மனைவியின் பை. மனைவி உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றி, அந்தோணியார் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார். இவர் உள்ளே வருவதே இல்லை. அன்றைக்கு வெயில் தாங்காமல் நானும் அந்த நிழலில் உட்கார்ந்தேன். பேச்சுக் கொடுத்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். “வீட்ல தனியா விட்டா ஃபேன்கூட போடாம உக்காந்திருக்கேன்னு இழுத்துட்டு வர்றா” என்றார். உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாமே, அந்தோணியார் யாரையும் தள்ளிவிட மாட்டார் என்றேன்.

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. பையன் செட்டில், பொண்ணு செட்டில். கடன் கிடையாது. சுகர்கூட இல்ல. ஒண்ணும் கேக்காம அவர் எதிர்ல போய் என்னன்னு நிக்கிறது?”

அவர் சிரிக்காமல் சொன்னார். நானோ அன்றைக்குக் கோரிக்கைச் சீட்டு முழுக்க எழுதி எடுத்துப் போயிருந்தேன்: மருமகள் பிரசவம், தம்பி வீட்டு வழக்கு, என் முழங்கால். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மனைவி வந்து விபூதிக்குக் கீழே எண்ணெயைத் தடவிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு கூட்டிப் போனார்.

வசனம் மட்டும்:

சிஸ்டர், மன்னிக்கவும். தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே, 1 தீமோத்தேயு 2:5. ‘அந்தோணியார் தள்ளிவிட மாட்டார்’ என்று ஒரு ஆத்துமாவிடம் சொல்ல உங்களுக்கு என்ன அதிகாரம்? அங்கேயே சுவிசேஷம் சொல்லியிருக்கலாம். கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டீர்கள். நான் ரிட்டயர்ட் ஆன வாரத்திலேயே சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க எலக்ட்ரிக் டிரெயினில் ஏறிவிட்டேன். பீச்சிலிருந்து தாம்பரம் வரை. ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று பென்சிலில் ஏதோ கணக்குப் போட்டார். அதுவும் விதைதான்.

ராயபுரம் டீச்சர்:

பிரதர், வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் நான் வசனம் சொல்வதில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

மூத்த மகள்:

இது என் கதையில்லை, அப்பாவின் கதை. அவர் இங்கே எழுத மாட்டார்.

அப்பா ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார், அம்மா இல்லை. காலையில் பால், பேப்பர். அப்புறம் என் சின்னவனின் ஷூவுக்குப் பாலிஷ். பாலிஷ் போட்ட ஷூவுக்கே மறுபடியும் போடுவார். அது பரிசுத்த வாரம். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பேசப் பிரித்துக் கொடுப்பார்கள் இல்லையா, ஐந்தாவது வார்த்தைக்கு வைத்திருந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆயர் அப்பாவுக்குப் போன் செய்தார். நேரம் இருக்கிறவர் என்றுதான் கேட்டிருப்பார்.

“தாகமாயிருக்கிறேன்.” ஒரே ஒரு சொல்தான். அப்பா வியாழக்கிழமை முழுக்க நோட்டில் எழுதினார். நான் சமையல் செய்யும்போது வாசித்துக் காட்டினார். சமாரியா ஸ்திரீ, கிணறு, சங்கீதம் 22, எல்லாம் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. நேரம் பார்த்தேன், எட்டு நிமிடம்.

மறுநாள் பிரசங்க பீடத்தில் ஏறினார். வசனத்தை வாசித்தார். நோட்டைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார். “என் மனைவி ஐசியுவில் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை” என்றார். கொஞ்ச நேரம் நின்றார். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆர்கன் வாசிக்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாட்டு எட்டு நிமிடம் கழித்து என்றுதானே அவரிடம் சொல்லியிருந்தார்கள். மத்தியான வெயில், பன்னிரண்டிலிருந்து சாப்பிடாத கூட்டம், ஒருவரும் இருமவில்லை.

அவர் பிள்ளைகள் எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியாது. அம்மா கேட்டதும் தெரியாது, அவர் இத்தனை நாள் இதை வைத்திருந்ததும் தெரியாது. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தோம். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சனிக்கிழமை மறுபடியும் ஷூ.

ஸ்டாஃப் நர்ஸ் (ஓய்வு):

மூத்த மகள், உங்கள் அப்பாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள், அல்லது இதைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள்.

அந்த நிலையில் இருப்பவர்கள் பலருக்குச் சரியாக விழுங்க வராது. தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம், மூச்சும் முட்டலாம். அதனால்தான் வேண்டாம் என்கிறோம், கல்மனதால் இல்லை. நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுவோம், நோயாளிக்கு அது ஓரளவு ஆறுதலாக இருக்கும். அங்கே இருந்த நர்ஸ் பிள்ளைகள் அதைச் செய்திருப்பார்கள். அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார், விசிட்டர் நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவோமே. அவர் கொடுத்திருந்தால்தான் ஆபத்து. இதை ஒரு டாக்டர் வாயால் அவர் கேட்டால் இன்னும் நல்லது. உங்கள் சபையில் டாக்டர் யாராவது இருந்தால் கூட்டிப்போய் உட்கார வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

என் வாரத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? வீட்டில் பிபி மெஷின் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து பெண்கள் ஐக்கிய சங்கம் எங்கள் வீட்டில்தான் கூடுகிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு சுகர் பார்க்கச் சொன்னார் ஒருவர். லேபுக்குப் போகிற செலவு மிச்சமாம்.

கணக்கன் 1958:

பென்ஷன் கணக்கில் நாமினி இருக்கிறாரா என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லலாமென்று வந்தேன். மூத்த மகள் எழுதியதைப் படித்துவிட்டேன். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வேளச்சேரி தாத்தா:

என்னடா எல்லாரும் அழவைக்கிறீர்கள். என் கதையில் கண்ணீர் இல்லை, மானம் போனது மட்டும்தான்.

கொரோனா காலத்தில் ஆராதனையை யூடியூபில் போட ஆரம்பித்தார்களே, எங்கள் கோவிலில் இன்னும் நிறுத்தவில்லை. மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். இங்கே ஞாயிறு காலை ஆராதனை என்றால் அங்கே சனிக்கிழமை ராத்திரி, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் போடுவாள். அந்த வாரம் முழுக்க எனக்கு அலைச்சல். திங்கள் ஆதாரில் விலாசம் மாற்றம், புதன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்தது, வெள்ளி பேத்திக்கு என்று முறுக்கு சுட்டு பார்சல், சனி ராத்திரி பெசன்ட் நகரில் மச்சினன் பையனின் நிச்சயதார்த்தம். ஞாயிறு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பிரசங்கம் நன்றாகத்தான் ஆரம்பித்தது.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தால் மகள். “அப்பா, வாயை மூடிட்டுத் தூங்குங்க. இவரோட அம்மாவும் பாத்துட்டிருக்காங்க.”

சம்பந்தியம்மா! திருநெல்வேலியில் உட்கார்ந்து பார்க்கிறார்களாம். அன்று சாயங்காலம் அவர்களே போன் செய்து, “அண்ணா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று விசாரித்தார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

மறுவாரம் கேமராவை அளந்து பார்த்தேன். எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க் கோவில் 1821இல் கட்டியது, உள்ளே வட்டமாகப் பதினாறு தூண்கள். எந்தத் தூணுக்குப் பின்னாலும் ஒரு மனிதன் நிம்மதியாக மறையலாம். எங்கள் கோவிலில் மொத்தமே நான்கு. அதில் கேமராவை மறைக்கிறது ஒன்றே ஒன்று. கால் மணி முன்னதாகப் போய்ப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஏற்கெனவே மூன்று பேர். ஒருவருக்கு மகன் சிட்னியில், ஒருவருக்கு மகள் துபாயில், மூன்றாவது ஆள் ஓய்வு பெற்ற ஆயர்.