ஃப்ளாக் எனங்களை ஜெனரிக்காக ஒட்டப்போய் பட்ட பாடு

சி ஷார்ப்பில் என் இரண்டு நாளைத் தின்ற சமாச்சாரம் இது. (enum என்பது பெயர் வைத்த மதிப்புகளின் பட்டியல். ஃப்ளாக் எனத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிட். எனம் என்றே எழுதுகிறேன். முதலெழுத்தை நெடிலாக்கினால் அர்த்தமே கெட்டுவிடும்.)

வேலை சின்னதுதான். எந்த ஃப்ளாக் எனமாக இருந்தாலும், மதிப்புகளை லிஸ்ட்டாகக் கொடுத்தால் எல்லாவற்றையும் 'ஆர்' (|, பிட்டுகளை ஒன்றுசேர்க்கும் ஆபரேட்டர்) போட்டு ஒரே மதிப்பாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு எனத்துக்கும் அதே நாலு வரியை எழுதி அலுத்துப்போய் ஜெனரிக்காக, அதாவது எந்த வகைக்கும் பொருந்தும்படி, எழுத உட்கார்ந்தேன். டி (T, வகைக்குப் பதிலாக நிற்கும் பெயர்) ஓர் எனம்தான் என்று கட்டுப்பாடு போட 7.3 பதிப்பிலேயே (2018) வழி வந்துவிட்டது, போட்டேன். அப்படியும் இரண்டு டிக்கு நடுவே | வைத்ததும் கம்பைலர் மறுத்துவிட்டது. அந்த ஆபரேட்டர் ஒவ்வொரு எனத்துக்கும் மொழி தனித்தனியாகக் கொடுக்கும் சலுகை. எல்லா எனத்துக்கும் தாய் வகையான சிஸ்டம் எனத்தில் அது கிடையாது. கட்டுப்பாடு நமக்குக் கொடுப்பது தாயிடம் இருப்பதை மட்டும்தான்.

சரி, எண்ணாக மாற்றி ஒட்டிவிட்டு மறுபடி எனமாக்கலாம் என்று இறங்கினேன். பிட்டுக்கு ஏது மைனஸ் என்ற தைரியத்தில் கன்வெர்ட் வகுப்பின் 'டூ யூஇன்ட்64' (மைனஸ் இல்லாத 64 பிட் எண்ணாக மாற்றுவது) போட்டேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. பிறகு சக ஊழியர் ஒருவர் இன்ட் (மைனஸும் ஏற்கும் 32 பிட் எண்) எனம் ஒன்றில் 32-வது ஃப்ளாக்கைச் சேர்த்தார். 1ஐ 31 இடம் தள்ளினால் இன்ட்டில் அது மைனஸ் எண். ஓவர்ஃப்ளோ எக்ஸப்ஷன், எண் அடங்கவில்லை என்ற பிழை! அவசரமாக மைனஸையும் ஏற்கும் 'டூ இன்ட்64' என்று மாற்றினேன். இன்னொரு டீமின் யூலாங் (மைனஸ் இல்லாத 64 பிட் எண்) எனத்தில் 64-வது பிட் இருந்தது. அங்கே போய் அதே எக்ஸப்ஷன். போர்வையை இழுத்துத் தலையை மூடினால் கால் தெரிகிற கதை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

*

நடந்திருக்கிறது அண்ணா. எண்ணின் மதிப்பை மாற்றப் போகாதீர்கள், பிட்டை அப்படியே பாருங்கள். அன்சேஃப் வகுப்பில் 'சைஸ் ஆஃப்' கேட்டு, அளவு 1, 2, 4, 8 பைட் என்று நாலு கிளை பிரித்து, அதே அளவுள்ள சைன் இல்லாத எண்ணாக 'அன்சேஃப் ஆஸ்' மூலம் படித்து ஒட்டினால் மைனஸ் தொல்லையே வராது. பாக்ஸிங்கும் (மதிப்பை ஆப்ஜெக்டாகப் பொதிவது) இல்லை. டி எது என்று தெரிந்த பிறகு ஜேஐடி (ஓடும்போது இயந்திரக் கோடாக மாற்றும் கம்பைலர்) மற்ற மூன்று கிளைகளையும் வெட்டி எறிந்துவிடும்.

நான் அடிபட்டது வேறிடம். ஒட்டியதில் ஒரு ஃப்ளாக் இருக்கிறதா என்று சோதிக்க 'ஹேஸ்ஃப்ளாக்' வைத்திருந்தேன். அதற்குப் பூஜ்ஜியத்தைக் கொடுத்தால் எப்போதும் ட்ரூதான். அனுமதி எதையும் குறிப்பிடாமல் விட்ட பக்கத்துக்கெல்லாம் எல்லோரும் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள்.

*

சி பிளஸ் பிளஸ்காரன் பேசுகிறேன். எங்களுக்குக் கதவு அடைத்திருந்ததல்ல பிரச்சினை, மொத்தமாகத் திறந்துவிட்டதுதான். எனம் கிளாஸில் (2011) | தானாக வராது, நாமே எழுத வேண்டும். நான் புத்திசாலித்தனமாக, டி எனமாக இருந்தால் போதும் என்று ஒரே டெம்ப்ளேட்டாக எழுதி எல்லோரும் சேர்க்கும் ஹெடரில் போட்டேன். அண்டர்லையிங் டைப்புக்கு (எனத்துக்கு அடியில் இருக்கும் எண் வகை) மாற்றி ஒட்டித் திருப்பும் ஒரே வரி. ஒரு மாதம் கழித்து ரிவ்யூவில் பார்த்தால், வாரத்தின் கிழமைகளை வைத்திருந்த எனத்தில் ஒருவர் திங்களையும் செவ்வாயையும் ஒட்டியிருக்கிறார். மதிப்பு 1, 2. விடை 3, அதாவது புதன். கம்பைலரிடமிருந்து ஒரு வார்னிங்கூட இல்லை. அது கத்தும்படி செய்யத்தானே எனம் கிளாஸுக்கே வந்தோம்!

இப்போது எந்த எனம் ஃப்ளாக் என்று அதன் சொந்தக்காரர் ஒரு ட்ரெய்ட்டில் (வகையைப் பற்றிய தகவலைச் சொல்லும் டெம்ப்ளேட்) ஒப்புக்கொண்டால்தான் என் ஆபரேட்டர் எட்டிப் பார்க்கும்.

*

ஜாவாவில் எனம் மதிப்புகளைத் தொகுத்து வைக்க எனம்செட் இருக்கிறது, 2004-இல் ஜாவா 5-உடனேயே வந்தது, ஜெனரிக், 64 மதிப்பு வரை உள்ளே ஒரே லாங்கில் பிட்டாக வைத்துக்கொள்கிறது. அதனால் மேலே உள்ளதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. செட்டை டேட்டாபேஸில் ஓர் எண்ணாகச் சேமிக்க, ஆர்டினலை (பட்டியலில் எத்தனையாவது என்ற எண்) வைத்து பிட் கட்டினேன். ஒருநாள் அகர வரிசை அழகாக இருக்கட்டும் என்று யாரோ பட்டியலின் நடுவே புதுப் பெயர் ஒன்றைச் செருகினார். அதற்குப் பின்னால் இருந்த அனுமதிகள் எல்லாம் ஒரு பிட் நகர்ந்து, பார்க்க மட்டும் உரிமை இருந்தவருக்கு அழிக்கும் உரிமை வந்துவிட்டது.

*

தொடங்கியவன்தான். தம்பி சொன்னபடி அளவு பார்த்துப் பிரித்துவிட்டேன், 32-வதும் 64-வதும் டெஸ்டில் ஏறியாகிவிட்டது. கிழமைக் கதையைப் படித்ததும் என் ஃபங்ஷனிலும் ஓர் எனத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஃப்ளாக்ஸ் ஆட்ரிப்யூட் (இது ஃப்ளாக் எனம் என்று குறிக்கும் அடையாளம்) இல்லாததையும் சத்தமில்லாமல் ஒட்டித் தருகிறது. அந்த ஆட்ரிப்யூட்டைக் கட்டுப்பாடாகக் கேட்க மொழியில் இடமில்லை. ஓடும்போது ஒருமுறை சோதித்து எக்ஸப்ஷன் வீசும்படி இன்று காலை சேர்த்தேன். மதியத்துக்குள் எங்கள் கோடிலேயே இரண்டு இடத்தில் வீசிவிட்டது.