1,80,000 கி.மீ. ஓடிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயிலை மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

மலைப்பாதை:
வணக்கம். வண்டி 6 கியர் டார்க் கன்வர்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பகுதி) ஆட்டோமேட்டிக். சிவிடி, டூயல் கிளட்ச் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள் இல்லை. 1,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், மாற்றியதாக சர்வீஸ் புத்தகத்தில் எங்கும் பதிவில்லை. கையேடோ ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி கிடையாது. கியர் நழுவுவதில்லை, டி-யில் போட்டதும் தயங்காமல் பிடிக்கிறது. ஆனால் 60–70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது ஜல்லி ரோட்டில் ஏறியதுபோல் இரண்டு மூன்று விநாடி அதிர்கிறது. ஆர்பிஎம் முள்ளும் 100 அளவுக்கு ஏறி இறங்குகிறது. இவ்வளவு ஓடிய பெட்டியில் ஆயிலைத் தொட்டால் கியர்பாக்ஸ் படுத்துவிடும் என்கிறார்களே, நிஜமா? மாற்றலாம் என்றால் எத்தனை லிட்டர், எந்த முறை?

வால்வ்பாடி:
அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. நிறையப் பேருக்கு கியர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஏடிஎஃப் ஞாபகமே வருகிறது. அதற்குள் கிளட்ச் தட்டுகளின் லைனிங் தேய்ந்து தீர்ந்திருக்கும். புது ஆயில் ஊற்றினால் லைனிங் திரும்ப முளைக்காது. பெட்டி போகும், பழி ஆயில் மேல் விழும். மீதிப் பாதி கவனிக்க வேண்டியது: வருடக்கணக்காகப் படிந்த கசடு ஒரே மூச்சில் கிளம்பினால், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் சிக்கலாம். அதனால் படிப்படியாக மாற்றுவதே நல்லது.

"ஆயுள் முழுக்க" என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல கார் கம்பெனிகளுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

உங்கள் அதிர்வு பெரும்பாலும் கன்வர்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச்சினுடையது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பிணைப்பது அதுதான். அது மெல்ல வழுக்கிக்கொண்டே பிடிக்க வேண்டும். ஆயிலில் அதற்கென இருக்கும் சேர்மானம் தீர்ந்துபோனால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும். சோதிப்பது சுலபம். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் அதிர்வு வரும்போது, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். லாக்கப் விடுபடும். அதிர்வு சட்டென நின்றால் இதுதான். நிற்கவில்லையா, ஸ்பார்க் பிளக், காயில், எஞ்சின் மவுண்ட் பக்கம் பாருங்கள். ஏடிஎஃப் மாற்றி அது போகாது.

கிரகச்சக்கரம்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். செய்முறையை எழுதுகிறேன்.

முதலில் ஆயிலின் ரகம். நிறம் ஒன்று என்பதற்காக எதையும் ஊற்றக்கூடாது. டெக்ஸ்ரான் 3 என்ற ரகம் கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம், 6 கேட்கும் பெட்டியில் 3 ஊற்றக்கூடாது. டொயோட்டாவின் ரகங்களில் டி-4 தடிமனானது, டபிள்யூஎஸ் மெல்லியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. "எல்லா வண்டிக்கும்" என்று லேபிளில் இருந்தாலும், உங்கள் கையேட்டில் உள்ள ரகத்தின் பெயர் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியை நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் லெவல் தப்பாகத்தான் வரும். ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில் பிளக்கை முதலில் கழற்றுங்கள். ஆயில் இறக்கும் டிரெயின் துளையைத் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு ஃபில் பிளக் துருப்பிடித்துச் சுழல மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

சில பெட்டிகளில் டிரெயினுக்கும், ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக்குக்கும் ஒரே துளைதான். பிளக்கைக் கழற்றினால் கொஞ்சம்தான் ஒழுகும். உள்ளே நிற்கும் குழாயை அலென் கீ விட்டுக் கழற்றினால்தான் மீதி இறங்கும். இது தெரியாமல் "ஆயிலே இல்லை" என்று முடிவு கட்டி மேலே மேலே ஊற்றிவிடுவார்கள்.

இறங்கியதை அளவுக் கேனில் பிடித்து எழுதி வையுங்கள். மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்றால் 3 முதல் 3.5 லிட்டர்தான் வரும். மற்றது கன்வர்டரிலும் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும் தங்கிவிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், மூன்று தடவையில் பழையது 22 சதவீதத்துக்கு வந்துவிடும். இடையில் 300–500 கி.மீ. ஓட்டுங்கள். மூன்றுக்கும் சேர்த்து 11–12 லிட்டர் வாங்கினால் போதும்.

இறங்கிய அதே அளவு புது ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் ஐந்து விநாடி வைத்து பி-க்கு வாருங்கள். ஆயிலின் வெப்பம் கையேடு சொல்லும் எண்ணுக்கு வரும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். பல பெட்டிகளில் இது 35–45 டிகிரிக்குள் இருக்கும். மெல்லிய தாரையாக வழிந்து, சொட்டாக மாறும்போது புது வாஷருடன் மூடுங்கள். ஒன்றுமே வழியவில்லை என்றால் வழியும்வரை ஊற்ற வேண்டும். 60 டிகிரியில் திறந்தால் விரிந்த ஆயில் வழிந்து, ஆறிய பிறகு குறைவாக நிற்கும். பம்ப் காற்றை உறிஞ்சும், டி-யில் போட்டால் தாமதமாகப் பிடிக்கும். அதிகமானால் சக்கரங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். கெடுதல் ஏறக்குறைய அதேதான்.

ஸ்பேனர்14:
பேனை, அதான் பெட்டிக்கு அடியில ஆயில் நிக்கிற தட்டை, கழட்டறதைப் பத்தி யாருமே சொல்லலையே. முதல் தடவையிலேயே கழட்டிடுங்க, கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம். பேனுக்குள்ள இருக்கிற மேக்னெட்டுல என்ன ஒட்டியிருக்குன்னு பார்த்தாத்தான் மேலே செலவு பண்ணலாமான்னு தெரியும். சாம்பல் நிறத்துல கிரீஸ் மாதிரி மெல்லிசா இருந்தா சாதாரணத் தேய்மானம், துடைச்சு மாட்டுங்க. விரல்ல குத்துற சில்லு, பேன் அடியில பித்தளை நிறத் துணுக்கு, தீஞ்ச வாடையோட கரிய லைனிங் துண்டு, இதுல எது இருந்தாலும் நிறுத்திடுங்க. அந்தப் பெட்டியைப் பிரிச்சுத்தான் ஆகணும்.

ஃபில்டரை மாத்தும்போது பழைய ஓ-ரிங் மேலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும், தேடி எடுத்துடுங்க. சில பெட்டியில ஃபில்டரும் பிளாஸ்டிக் பேனும் ஒரே பொருள், முழுசாத்தான் வாங்கணும். ரப்பர் கேஸ்கெட் இருக்கிற இடத்துல சிலிகான் பூசாதீங்க. பிதுங்கின துண்டு உள்ளே போய் அடைக்கும். பேன் போல்ட் சின்னது, 8–10 நியூட்டன் மீட்டர் தாங்கினா பெரிசு. உங்க பெட்டிக்கான எண்ணைப் பார்த்து, முறுக்கு விசையை அளக்கிற டார்க் ரெஞ்ச் வெச்சு, எதிரெதிரா முறுக்குங்க.

மலைப்பாதை:
பிரேக்கைத் தொட்டதும் அதிர்வு நிற்கிறது. ஆயில் வெப்பத்தைக் காட்டும் ஸ்கேனர் கையில் இல்லை. இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பேனில் காட்டினால் போதுமா?

கிரகச்சக்கரம்:
வெறும் அலுமினியத்தில் காட்டினால் பல டிகிரி குறைத்துக் காட்டும். பேனில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் காட்டினால் ஓரளவு நம்பலாம். நல்ல வழி, கார் கம்பெனிக்கே உரிய அளவீடுகளைப் படிக்கும் ஸ்கேனர். வண்டியின் சோதனை சாக்கெட்டில் இணைத்துப் பார்க்கும் சாதாரண ஓபிடி ஆப்பில் கியர்பாக்ஸ் வெப்பம் பெரும்பாலும் வராது. அந்த ஸ்கேனரே பழைய கியர் கற்றலை (பழைய தேய்மானத்துக்கு ஏற்ப கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழகி வைத்த அளவுகளை) அழிக்கவும் உதவும். அழிக்காவிட்டால் சில நாள் கியர் மாறும்போது இடிக்கலாம்.

வால்வ்பாடி:
இன்னொன்று. இறங்கும் ஆயில் பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் புதுசை ஊற்றாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. அது லைனிங்கைத் தகட்டோடு ஒட்டியிருக்கும் பசையையே பிரித்துவிடும். வண்டியை ஓட்டாமல் டோ செய்துதான் எடுத்துப் போக வேண்டும்.

மூன்று தடவை மாற்றியும் அதிர்வு போகவில்லை என்றால் நான்காவது தடவைக்கு ஆயில் வாங்காதீர்கள். கன்வர்டரைத்தான் பார்க்க வேண்டும்.