கலைச்சொல் வேண்டும்: 'பாசேஜ் டூம்' (வெள்ளிக்குள்)

தே. எழுதியது:

அன்புள்ள குழுவினர்க்கு,

சிறுவர் களஞ்சியம் ஒன்றுக்காக அயர்லாந்தின் புதிய கற்காலப் பக்கங்களை மொழிபெயர்க்கிறேன். மீத் கவுண்டியில், லாக்ரூ குன்றுகளில் ஒன்றின் உச்சியில் 'கெய்ர்ன் டி' என்று ஒரு கற்குவியல். வயது 5000 ஆண்டுக்கு மேல். கிழக்கு பார்த்த வாசல், ஒடுங்கிய கல்வழி, அது முடிகிற இடத்தில் சிலுவை வடிவ அறை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகிற நாட்களில் காலை வெயில் அந்த வழியே நுழைந்து, பின்கல்லில் செதுக்கிய சூரிய வடிவங்கள் மேல் விழும்.

இந்த வகைக் கல்லறைக்கு ஆங்கிலத்தில் 'பாசேஜ் டூம்' என்று பெயர். முந்தைய மொழிபெயர்ப்பில் 'நடைபாதைக் கல்லறை' என்றிருக்கிறது. படித்தால் எனக்குப் பழவண்டிகள்தான் தெரிகின்றன. அயர்லாந்தில் அக்காலக் கற்கல்லறைகளைக் கோர்ட், போர்ட்டல், பாசேஜ், வெட்ஜ் என நால்வகையாகப் பிரிக்கிறார்கள். நான்கு பெயரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும்.

மு. எழுதியது:

'சுருங்கைக் கல்லறை'. சிலம்பில் 'சுருங்கை வீதி' உண்டு. சுருங்கிய வழி, சுருங்கை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ச. எழுதியது:

மு. ஐயா, சுருங்கை கிரேக்கத்து 'சிரிங்க்ஸ்' வடமொழி வழியாக வந்து சேர்ந்தது என்பார்கள். சிலம்பில் அந்த வீதியில் யானைக்கூட்டமே போகிறது. அவ்வளவு அகலமா அங்கே?

மு. எழுதியது:

கிரேக்கன் நம்மிடம் வாங்கியிருக்கக் கூடாதா? சுரி, சுருள், சுரும்பு, சுரை, எல்லாம் உள்துளைப் பொருள் தரும் வேர். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

(எழுதினார். அதை இங்கே தரவில்லை. தே.)

யோ. எழுதியது:

நான் டப்ளினில இருக்கிறன், லாக்ரூ மலையில ஏறினனான். 276 மீற்றர்தான், ஆனா காத்து ஆளைத் தூக்கும். மலைக்கு அவையள் வைச்ச பேர் 'கிழவியின்ர மலை'. ஒரு சூனியக் கிழவி குன்றுக்குக் குன்று பாயேக்கை மடியில இருந்து கொட்டுண்ட கல்லுகளாம். பக்கத்தில கிழவியின்ர கதிரையும் கிடக்கு. வழி குனிஞ்சு போற அளவுதான், நடக்கிற பாதை இல்லை. எங்கட ஊர்ச் சொல் 'ஒழுங்கை' சரிவராதோ?

ச. எழுதியது:

ஒழுங்கை அழகான சொல். ஆனால் அது வெளியே, இரண்டு வேலிக்கு நடுவே ஓடுவது. தமிழ்நாட்டுப் பிள்ளை 'ஒழுங்கான கை' என்று படிக்கும்.

என் முன்மொழிவு 'இடைகழி'. பழைய வீட்டில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் ரேழிதான். திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கிய இடம்: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். கல்வழியின் அகலத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஏது?

நால்வகைக்கும் பெயர் கிடைக்கிறது: முன்றில், வாயில், இடைகழி, ஆப்பு.

செ. எழுதியது:

ஆப்புக் கல்லறை! என் மகன் வகுப்பில் இதை வாய்விட்டுப் படிக்க நேரும் நாளை நினைத்துப் பார்க்கிறேன்.

மு. எழுதியது:

தூய்மை பேசினீர்களே, 'தேஹளி' (வாசற்படி) என்ற வடசொல்லே இடைகழி ஆயிற்று என்பாரும் உண்டே? திருக்கோவலூர்ப் பெருமாளைத் தேஹளீசன் என்றுதானே வேதாந்த தேசிகர் பாடினார்?

ச. எழுதியது:

இடை, கழி. இரண்டும் தமிழ். வேண்டுமானால் தேஹளி இங்கிருந்து போயிருக்கட்டும். (சுருங்கைக்கு நீங்கள் காட்டிய வழிதான்.)

கோ. எழுதியது:

எல்லாரும் 'பாசேஜ்' பின்னாலேயே ஓடுகிறீர்கள், 'டூம்' என்ன பாவம் செய்தது? 'புதைகுழி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இவ்வகைச் சின்னங்களில் கிடைத்தவை பெரும்பாலும் எரித்த எலும்புகள். மணிமேகலை 'சுடுவோர் இடுவோர்' என்று பிரித்தே சொல்கிறது. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிய கற்திட்டையின் பெயரும் வேண்டாம். நம் கற்திட்டைகள் இரும்புக் காலத்தவை, லாக்ரூக்காரர்களுக்கு வெண்கலம்கூடத் தெரியாது. கல்லைக் குவித்து மூடியதற்குப் புறநானூறு மூன்றாம் பாட்டிலேயே சொல் இருக்கிறது: பதுக்கை. அம்பு பட்டு வீழ்ந்தவர் மேல் குவித்த கற்கள். ஆகவே 'இடைகழிப் பதுக்கை'.

செ. எழுதியது:

பதுக்கை என்றால் இன்றைக்கு ரேஷன் அரிசிதான் ஐயா. பத்து வயதுப் பிள்ளைக்குப் புறநானூற்றை விளக்கிவிட்டு அயர்லாந்துக்குப் போவதா?

கோ. எழுதியது:

வழக்கில் விட்டால்தான் வழங்கும். 'கணினி' முதல் நாளே புரிந்ததா?

தே. எழுதியது:

வியாழன் இரவு மணி பதினொன்று. 'இடைகழிக் கல்லறை'க்கு நால்வர், 'பதுக்கை'க்கு கோ. ஐயா மட்டும். மு. ஐயா இன்னும் சுரும்பில் இருக்கிறார். படத்தில் பெயர் எழுத விட்ட கட்டம் சிறியது, அதில் 'இடைகழி' மட்டும் போடுகிறேன். கெய்ர்னுக்குக் கற்குவை. வெட்ஜுக்கு ஆப்பை விட்டுவிட்டுச் 'சரிவுக் கல்லறை' என்று வைத்திருக்கிறேன். அந்த வகை ஒரு முனையில் உயர்ந்து அகன்று, மறுமுனைக்குத் தாழ்ந்து ஒடுங்குகிறது. ஒடுங்குவதை விட்டுவிட்டேன்தான், மன்னிக்கவும்.

கோ. எழுதியது:

பொய்கையாழ்வார் பாட்டை மறுபடி பாருங்கள். 'வாசல் கடைகழியா உள்புகா' நின்ற பெருமாளின் இடம் இடைகழி. வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. லாக்ரூவில் வெயில் உள்ளே போய்ப் பின்கல்லைத் தொடுகிறது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

யோ. எழுதியது:

செப்டம்பரில திரும்பவும் ஏறுவன். முகில் இல்லாட்டிப் படம் அனுப்புறன்.