ரோமக் குடியரசை முதலில் உடைத்தவர் யார்: திபேரியுஸ் கிராக்கஸா, செனட்டா?

பழைய ஏடு:
சீசர்தான் குடியரசைக் கொன்றார் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் அடி கி.மு. 133இலேயே விழுந்துவிட்டது. பொது நிலத்தை ஒருவர் 500 யூகெராவுக்கு, அதாவது சுமார் 310 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சம் ஏழைகளுக்கு என்று சட்டம் கொண்டுவந்தார் திரிபியூன் (எளிய மக்களின் பிரதிநிதியான அதிகாரி) திபேரியுஸ். நல்ல சட்டம்தான். ஆனால் சக திரிபியூன் ஒக்தேவியுஸ் வீட்டோ செய்து அதைத் தடுத்ததும், மக்கள் கூட்டத்தில் வாக்கெடுத்து அவரைப் பதவியிலிருந்தே இறக்கிவிட்டார். தடுப்பவரையே நீக்கலாம் என்றால் தடுக்கும் அதிகாரம் எதற்கு?

ஏர்முனை:
திரிபியூன் பதவியே எளியவர்களைக் காக்கத்தான் உண்டானது. அதைக் கொண்டே அவர்களுக்கு வரவேண்டிய நிலத்தை மறித்தது எந்த நியாயம்? திபேரியுஸ் எடுத்தது வாக்கு. செனட் என்ற மேட்டுக்குடி மன்றத்தினர் எடுத்ததோ உடைந்த பெஞ்சுக் கால்கள்! தலைமைப் பூசாரி நாசிக்கா தன் டோகாவின் (ரோமர் போர்த்தும் நீள ஆடை) ஓரத்தைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே நடந்தார். திபேரியுஸோடு முந்நூறு பேருக்கு மேல் அடித்தே கொல்லப்பட்டார்கள் என்கிறார் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க். உடல்களை இரவில் டைபர் ஆற்றில் வீசினார்கள்.

பழைய ஏடு:
கொலையை நான் நியாயப்படுத்தவே இல்லை, நண்பரே. ஆனால் ஓராண்டுப் பதவிக்கு அவர் அடுத்த ஆண்டும் போட்டியிட்டாரே? அது அன்றைய மரபுக்குப் புறம்பானது. பதவி வரம்பை அசைக்கும் இன்றைய தலைவர்களும் மக்கள் நலனைத்தான் காரணம் காட்டுகிறார்கள். இன்னொன்று: அவர் இறந்த பிறகும் நிலச் சட்டம் ரத்தாகவில்லை, நில ஆணையம் வேலையைத் தொடர்ந்தது. செனட் அஞ்சியது சட்டத்தை அல்ல, அந்த மனிதரை.

தராசு:
இருவருமே அமைப்பின் கோளாறைப் பேசவில்லை. திரிபியூனின் வீட்டோவை மீற ரோமில் முறையான வழியே கிடையாது. அமெரிக்காவில் அதிபர் மறுத்த மசோதாவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் நிறைவேற்றிவிடலாம். அப்படி ஒரு வழி இருந்திருந்தால் திபேரியுஸுக்கு ஒக்தேவியுஸை நீக்கும் தேவையே வந்திராது.

ஏர்முனை:
தராசு சொல்வது சரி. ஆனால் வழி இல்லாததால் கொன்றார்கள் என்று முடித்துவிடாதீர்கள். அந்த மனிதரை அஞ்சியிருந்தால் தேர்தலில் தோற்கடித்திருக்கலாமே? 12 ஆண்டுகள் கழித்துத் தம்பி கையுஸின் முறை. அப்போது கான்சல் (ரோமின் உயர் ஆட்சியாளர்) ஓபிமியுஸுக்கு, அரசைக் காக்க எதையும் செய்யலாம் என்று செனட் தீர்மானமே போட்டுக் கொடுத்தது. கையுஸும் அவருடைய ஆட்களும் மாண்டார்கள். அதற்காக ஓபிமியுஸ் மீது வழக்கு நடந்தது, விடுதலையும் ஆனார். மரபு மீறல் என்று திபேரியுஸைக் குறை சொல்பவர்கள் இந்தத் தீர்ப்புக்கு என்ன பெயர் வைப்பார்கள்?