கிராம சபையில் எழுந்து பேசியவர்கள் சொல்லுங்கள், என்ன நடந்தது?

மேட்டுத்தெரு

கிராம சபை எப்படி நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். பள்ளிக்கூட மரத்தடி, ஷாமியானா, காந்தி படம், கரகரக்கும் மைக். நான் சொல்ல வந்தது அந்தக் கையெழுத்து நோட்டைப் பற்றி.

2024 அக்டோபர் 2. வழக்கமாக நூறு நாள் வேலைக்காரர்களை வைத்துத்தான் எங்கள் ஊரில் கூட்டக் கணக்குக் காட்டுவார்கள். அன்று தானாகவே ஜனம் வந்திருந்தது. நெடுஞ்சாலையில் இருந்த மதுக்கடையை ஊருக்குள் மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. காந்தி ஜெயந்தி என்பதால் அன்று கடைக்கு லீவு. தினமும் அங்கே போகிறவர்கள்கூட வந்து உட்கார்ந்து கைதட்டினார்கள், அது வேறு கதை.

நுழையும்போதே கையெழுத்து வாங்கினார்கள். நோட்டைப் பார்த்தேன். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. எதிர்ப்பக்கம் முழுக்கக் கையெழுத்து. "தீர்மானம் எங்கே?" என்றேன். "கூட்டம் முடிஞ்சதும் எழுதிக்கலாம் சார்" என்றார் ஊராட்சி செயலர். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியம்மா ரேகை வைத்துவிட்டு, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "கடை வேணாம்னு தானேப்பா இது?" என்று கேட்டார். செயலர் தலையாட்டினார்.

நானும் பேசினேன், நான்கைந்து பெண்கள் பேசினார்கள், தலைவர் "கண்டிப்பா எழுதிடுவோம்" என்றார். பிறகு நகல் வாங்கிப் பார்த்தால் டெங்கு ஒழிப்பு இருக்கிறது, பிளாஸ்டிக் தவிர்ப்பு இருக்கிறது, மழைநீர் சேகரிப்பு இருக்கிறது. கடையைப் பற்றி ஒரு வரி இல்லை. கீழே அந்தப் பெரியம்மாவின் ரேகை மட்டும் பளிச்சென்று இருந்தது. கடை இப்போது ஊருக்குள்தான் இருக்கிறது. ரேஷன் கடையில் பார்க்கும்போதெல்லாம் அவர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நான் ரேகை வச்சேனே தம்பி?"

கொங்குக்காரன்

அண்ணே, நீங்கள் நோட்டோடு நின்றீர்கள். நாங்கள் டேப்போடு நின்றோம். கிராமப்புறத்தில் கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து 100 மீட்டருக்குள் கடை கூடாது என்பது விதி. எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றால் கடை போர்டைப் படிக்கலாம். அளக்க வந்த அதிகாரிகள் நேராக அளக்கவில்லை. ரோட்டோரமாகவே போய், வளைவில் வளைந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, டேப்பை இழுத்துக்கொண்டே போனார்கள். 100-ஐத் தாண்டியதும் ஒருவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அம்மன் அந்த வழியாச் சுத்தியா பார்க்கிறா?" என்று கேட்டார். பதில் இல்லை.

நான் பழைய காலத்து ஆள், ஒளிக்க ஒன்றும் இல்லை. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். வருமானம் போகும் என்று தெரிந்தே செய்தார். இன்று 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அரசு கையில்தான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடமே போய்க் கடையை மூடுங்கள் என்று மனு கொடுக்கிறோம். அரசாங்கம் போலீஸ், கோர்ட், ரோடு, பள்ளிக்கூடம் இவற்றைப் பார்க்கட்டும். வியாபாரம் அதற்கு எதற்கு? ஊர்க்காரியத்தை ஊரிடம் விடட்டும்.

இரண்டாவது வார்டு

கொங்குக்காரன் ஐயா, ராஜாஜி பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டதும் அவரே. வரியைக் குறை என்று சொல்லும் உங்களைப் போன்றவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை. மதுவிலக்கு வேண்டும் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். எங்கள் பக்கத்தில் மூடிய கடைக்குப் போனவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

சரி, என் அனுபவம். எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கிறார்கள் என்று 2025 ஜனவரியில் தெரிந்ததும், திங்கட்கிழமை மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்கு வேன் பிடித்துப் போனோம். எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே வேனில். போகும்போது துண்டுகளையெல்லாம் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்கள், அதுவே பெரிய செய்தி. மனு வாங்கிய அதிகாரி நல்ல மனிதர். "நகராட்சி ஆனால் உங்களுக்கு வளர்ச்சிதானேம்மா, குப்பை வண்டி வாசலுக்கே வரும்" என்றார். எங்களோடு வந்த ஒரு அம்மா கேட்டார்: "குப்பை போடுற அளவுக்கு வாங்கித் திங்க, நூறு நாள் வேலை இருக்குமா சாமி?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நகராட்சிக்குள் அந்த வேலை கிடையாது என்று அவருக்குத் தெரியும். அப்போது நாளுக்கு 319 ரூபாய் கூலி. முழுதாகக் கிடைக்காது, அது தனி வழக்கு. ஆனால் அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை, நிலம் இல்லை. 2022இல் நகரங்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் சின்ன வீட்டுக்கே சொத்து வரி 25 சதவீதம் ஏறியதையும் பக்கத்து ஊரில் பார்த்திருக்கிறோம்.

இதில் வேடிக்கை, அந்த அம்மா கேட்டது நூறு நாள் வேலை. "இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்" என்று டீக்கடையில் பேசுகிற ஆள் அவருக்குப் பக்கத்தில் நின்று அதே மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கொங்குக்காரன்

அந்த ஆள் நானாகவும் இருக்கலாம், அதில் என்ன தப்பு? கூலி கொடுப்பது இலவசம் இல்லை. வேலை செய்யாமல் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் பதிவு போடுவதைத்தான் நாங்கள் கேட்கிறோம். நடவுக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் பக்கம் வயலைத் தரிசாகப் போட்டவர்களை வந்து பாருங்கள். ஊராட்சியைப் பெரிய ஊரோடு சேர்க்காதே என்கிற விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். ஊர் சின்னதாக இருந்தால்தான் தலைவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியும்.

வெளியூர் மருமகள்

நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். என் கதை வேறு.

எங்கள் ஊர் பெண்கள் வார்டு, தலைவரும் பெண். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து, 2019 தேர்தலில்தான் முதலில் அமலானது. மேடையில் நாற்காலி அவருக்கு. மைக் அவர் வீட்டுக்காரருக்கு. எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள்.

நான் எழுந்து, "தலைவரம்மா, சுடுகாட்டுப் பாதையில் மழைக்குப் பாடை தூக்கிப் போக முடியவில்லை, போன மாதம் என் மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் முழங்கால் சேற்றில் நின்றார்கள்" என்றேன். வீட்டுக்காரர் மைக்கை எடுத்து, "அது ஒன்றிய நிதி, பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார். "நான் தலைவரைக் கேட்டேன் அண்ணா" என்றேன். கூட்டம் சத்தமில்லாமல் ஆனது. என் மாமியார் பின்னால் இருந்து என் புடவையைப் பிடித்து இழுத்தார். தலைவரம்மா கணவரைப் பார்க்கவில்லை. தன் மடியில் இருந்த தாளில் ஏதோ எழுதி, மடித்து, செயலரிடம் நேராகக் கொடுத்தார். அடுத்த மழைக்குள் கிராவல் அடித்துவிட்டார்கள்.

கோயிலுக்குப் போகிறவள் நான், பெரியவர்கள் முன்னால் உட்காரக்கூடத் தயங்குகிறவள். குடும்பம், மரியாதை எல்லாம் வேண்டும் என்பவள்தான். அதற்காக ஓட்டு வாங்கினவர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அந்தத் தாளில் என்ன எழுதினார் என்று இன்றுவரை கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஓய்வுபெற்ற கிளார்க்

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. கணக்குக் கேட்டேன், "நீங்க ரிட்டயர் ஆனவர்தானே, வீட்டுல உக்காருங்க சார்" என்று ஒரு பையன் சொன்னான். அவன் அப்பாவுக்கு நான்தான் ஒருகாலத்தில் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தேன். விடுங்கள்.

மேட்டுத்தெரு தம்பி, நீங்கள் பேசியதை மட்டும் நம்பிவிட்டீர்கள். எழுத்தில் கொடுக்க வேண்டும். இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு முன்பே உங்கள் பொருளை எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். அப்புறம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் அதை அங்கேயே சத்தமாகச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்லாதீர்கள்.

வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் பெயருக்கு மேலே "வருகை மட்டும்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். ரேகை வைக்கிறவர்களுக்கு யாராவது பக்கத்தில் நின்று எழுதிக் கொடுக்கலாம். தீர்மானத்தைக் கூட்டம் கலைவதற்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள், வாசிப்பதைப் போனில் பிடியுங்கள். கணக்கு வேண்டும் என்றால் சும்மா "கணக்கைக் காட்டு" என்று கத்தாதீர்கள், படிவம் 30 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வரவு செலவு அதில்தான் இருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், என் அனுபவத்தில் பார்த்தது. அதற்கும் பலன் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள். அந்த மனுவில் ஏன், எதற்கு என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பாதி மனு அங்கேதான் அடிபடுகிறது.

மருமகளே, நீங்கள் செய்தது சரி. ஆனால் அண்ணா என்று கூப்பிட்டிருக்க வேண்டாம்.

வெளியூர் மருமகள்

அவர் எனக்கு அண்ணன் முறைதான் ஐயா. வேறு எப்படிக் கூப்பிடுவது?

தேர்க்கால்

நான் கிராம சபை இல்லை, கோயில் கூட்டம். அதுவும் இங்கே சேரும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அம்மன் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பணக்காரன், ஏழை எல்லோருக்கும் ஒரே தொகை. அதற்கு மேல் யார் என்ன கட்சி என்று கேட்கிற வழக்கமே இல்லை. போன திருவிழாவுக்கு ஒரு பையன், வெளிநாட்டில் நல்ல சம்பளம், தேர்ச் செலவு முழுவதும் நானே தருகிறேன், அலங்கார வளைவில் எங்கள் தலைவர் படம் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றான். எல்லோருக்கும் ஆசை. வசூலுக்கு வீடு வீடாக ஏற வேண்டாமே.

பெரியதனக்காரர் ஒன்றும் பேசாமல் வரி நோட்டை எடுத்து, அந்தப் பையனின் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் வரிசையாக வாசித்தார். தாத்தா ஒரு வருடம் தொகை கொடுக்க முடியாமல் நெல் அளந்தது அதில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டு, "உன் வரி இன்னும் வரலை" என்றார். பையன் சிவந்துபோய் வரியை மட்டும் கட்டிவிட்டுப் போனான். படம் வரவில்லை. தேருக்குப் பணமும் பற்றவில்லை, பழைய சக்கரத்தோடுதான் ஓடியது.

கட்டுப்பாடு என்றால் இது. இதை எந்தக் கட்சியும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்த நெல் கணக்கை எல்லோர் முன்னாலும் வாசித்திருக்க வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறாள்.

இரண்டாவது வார்டு

உங்கள் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேட்கிறேன், அந்த வரி நோட்டில் எல்லாத் தெருவும் இருக்கிறதா?

தேர்க்கால்

எல்லாத் தெருவும் இல்லை. அது தனிப் பஞ்சாயத்து, இங்கே இழுக்க வேண்டாம்.

இரண்டாவது வார்டு

அதைத்தான் இழுக்க வேண்டும். ஊர்க்காரியத்தை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலே ஒருவர் சொன்னார். எந்த ஊர்? தேர் வராத தெருக்காரன் அரசாங்கத்திடம் போகாமல் வேறு யாரிடம் போவான்?

கொங்குக்காரன்

எங்கள் தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறது. வந்து பாருங்கள், சாப்பாட்டோடு அனுப்புகிறேன்.

தலையாரி பேரன்

சண்டைக்கு நடுவில் ஒன்று. 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஓடு ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குத் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். ஒன்றியத்தில் இருக்கும் அத்தனை ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே பொறுப்பு. ஜனவரி 26 கூட்டத்துக்கு வேகமாக வந்து இறங்கினார், மாலை போட்டார், மைக் முன்னால் நின்றார். பக்கத்தில் இருந்த செயலரிடம் மெதுவாகக் கேட்டார்: "இது எந்த ஊரு?"

மைக் ஆனில் இருந்தது.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை ஊரில் மாலை போட்டாரோ. பழைய தலைவரைப் பற்றி ஆயிரம் சொல்வோம், சிமெண்ட் மூட்டை எங்கே போனது என்று இன்றும் கேட்போம். அவருக்கு எந்தத் தெரு விளக்கு எரியவில்லை என்று மட்டும் தெரியும், ஏனென்றால் அவர் வீட்டுக்கும் அதே தெருதான். இப்போது எங்கள் முனையில் விளக்கு இல்லை. டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகளை நாய் துரத்துகிறது.

ஓய்வுபெற்ற கிளார்க்

தம்பி, மனுவில் மின்கம்ப எண்ணைக் குறிப்பிட்டீர்களா? கம்பத்திலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். எண் இல்லாத மனு நகராது.

தலையாரி பேரன்

எண் போட்டுத்தான் கொடுத்தேன் ஐயா. வந்து கம்பத்தை மாற்றிவிட்டார்கள். புதுக் கம்பத்துக்கு எண்ணும் இல்லை, விளக்கும் இல்லை.