வெள்ளெழுத்துக்கு லேசர் செய்யலாமா?

வெள்ளவத்தைவாசி: வயது 47. தூரப் பார்வை நல்லாயிருக்கு, ஆனால் மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைக் கையை நீட்டிப் பிடித்தாலும் வாசிக்க முடியவில்லை. லேசர் செய்தால் கண்ணாடியை விடலாமா?

கொட்டாஞ்சேனை அக்கா: தம்பி, வெள்ளெழுத்து வருவது கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதால், லேசர் செதுக்குவதோ முன்னால் உள்ள கருவிழியை, ஆகவே வில்லை பழையபடி இளகாது. அதற்குப் பதிலாக லேசரால் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் பிரித்து வைப்பார்கள், மோனோவிஷன் என்று பெயர்.

தெகிவளையான்: அதற்கு முதல் அதே மாதிரி பிரித்துக் கொன்டாக்ட் லென்ஸ் போட்டுப் பழகிப் பாருங்கள் அண்ணா. எனக்குச் சரிவரவில்லை, இரவில் காலி வீதியில் எதிரே வரும் பஸ் வெளிச்சம் சிதறித் தெரிந்தது, லேசர் யோசனையை விட்டுவிட்டேன்.

பம்பலப்பிட்டி: வில்லையையே மாற்றும் ஒபரேஷனும் உண்டு, பிறகு அந்தக் கண்ணில் கண்புரை வராது. ஆனால் தூரம் நன்றாகத் தெரிகிறவர் அதற்கு அவசரப்படக் கூடாது.